எலியா முதலில் தூங்கினார்

(வ. புதுப்பட்டியில் தவக்கால மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மனக்கலக்கத்தைப் பற்றியும் விசுவாசத்தைப் பற்றியும் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் குருவானவர் அல்ல. அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் இன்றைக்குத் திருவிவிலியத்தைப் பற்றியும் பேசுவேன், இரத்தசோகையைப் பற்றியும் பேசுவேன். இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பேச எனக்கு விருப்பம் இல்லை. அப்படிப் பிரித்து வைத்ததால்தான் நம் வீடுகளில் பலர் தேவையில்லாமல் துன்பப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் நம் ஊர்ப்பக்கத்தைப் பார்ப்போம். மேற்கே சதுரகிரி மலை, பிளவக்கல் அணைத் தண்ணீர், நெல் வயல், தென்னந்தோப்பு. வெளியூர்க்காரர் வந்து பார்த்தால், இங்கே இருப்பவர்களுக்கு என்ன கவலை இருக்கப் போகிறது என்றுதான் நினைப்பார். ஒரு வீட்டுக்குள் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால்தான் தெரியும். மகன் ராஜபாளையம் பக்கம் மில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். எந்த நேரத்தில் தூங்குவது என்று அவன் உடம்புக்கே தெரியாது. மருமகள் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போகிறாள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, போன் அடித்தாலே நெஞ்சு திடுக்கென்கிறது என்று சொல்லும் மாமியார்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு வேலை நாளும் நிச்சயமில்லை. ஆனால் குழு லோன் தவணை மட்டும் வாரம் தவறாமல் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன். அது போதாமல் வட்டிக்காரர்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன்? கலக்கமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், "எல்லாம் உன் மனசுதான், தைரியமா இரு" என்று சொல்வது நம் வழக்கம். எல்லாம் மனசு இல்லை. சில பயங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது. பாதுகாப்பில்லாத வேலையிடம் பாதுகாப்பானதாக மாற வேண்டும். கடன் கணக்கை நாலு பேர் உட்கார்ந்து பார்த்து, எதை முதலில் அடைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அது செபத்துக்கு எதிரான காரியம் அல்ல. அதுவும் அயலானுக்குச் செய்யும் அன்புதான்.

சரி, காரணம் நீங்கிய பிறகும் சிலருக்குப் படபடப்பு நிற்பதில்லை. ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்ப நான் கேட்ட பேச்சு இது: "ஐயா, நெஞ்சு படக்குபடக்குன்னு அடிக்குது. மூச்சு முட்டுது. கை கால் வெலவெலங்குது. ஈசிஜி எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைங்கிறாங்க. ஆனா எனக்குச் செத்துருவேன்போல இருக்கு." இப்படிச் சொல்கிறவர் நடிக்கவில்லை. ஆபத்து வந்தால் ஓடுவதற்கும் எதிர்ப்பதற்கும் நம் உடம்பைப் படைத்தவர் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடும். இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வாங்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிற்றைப் பிசையும். மாடு முட்ட வந்தால் இது நம்மைக் காப்பாற்றும். வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், கவலையிலேயே கிடக்கும் உடம்பில் இதே ஏற்பாடு காரணமில்லாமலும் ஓடத் தொடங்கும். கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் நிறுத்தாமல் ஓடுகிற மோட்டாரைப் போல. திடீரென்று வரும் இந்தப் பயத் தாக்கம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். இதைத் தெரிந்துகொள்வதே பாதி மருந்து. முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் மட்டும் இது வெறும் படபடப்புத்தான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். படபடப்பு, களைப்பு, எரிச்சல், தூக்கமின்மை இவையெல்லாம் இரத்தம் குறைந்தாலும் வரும், தைராய்டு கூடினாலும் வரும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் ஒரு பெண் கலங்கிப்போய் இருந்தால், காத்துக்கருப்பு, செய்வினை என்று எதற்கும் அலையும் முன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். செலவில்லாத காரியம்.

இப்போது எலியாவிடம் வருகிறேன். அரசர்கள் முதல் நூல், பத்தொன்பதாம் அதிகாரம். வீட்டுக்குப் போய் எடுத்து வாசியுங்கள். நான் கதையாகச் சொல்கிறேன்.

எலியா சாதாரண ஆள் அல்ல. கர்மேல் மலையில் பாகால் என்ற தெய்வத்தின் பொய்வாக்கினர் நூற்றுக்கணக்கானவர்களுக்கு எதிரில் தனி ஆளாக நின்றவர். வானத்திலிருந்து நெருப்பு இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர். பஞ்சத்துக்குப் பிறகு மழை வரும் என்று சொல்லி, மழையையும் பார்த்தவர். அப்படிப்பட்டவருக்கு ஈசபேல் ராணி ஆள் அனுப்பி, நாளைக்குள் உன் உயிரை எடுப்பேன் என்று சொன்னாள். அவ்வளவுதான். ஓடினார். பெயேர்செபா வரை ஓடி, தன் வேலையாளை அங்கேயே விட்டுவிட்டார். கலங்கியவர்கள் முதலில் செய்வது இதுதான். கூட இருப்பவரைத் தள்ளிவிடுவது. பிறகு தனியாகப் பாலைவனத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார்.

இறைவாக்கினர் ஒருவர் சாவைக் கேட்கிறார். திருவிவிலியம் இதை மறைக்கவில்லை. பக்தி உள்ளவனுக்கு இப்படி வராது என்று எந்த மனிதர் சொன்னாலும், அவருக்கு இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

அப்புறம் என்ன நடந்தது என்று கவனியுங்கள். வானதூதர் வந்து எலியாவுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. கர்மேலில் அத்தனை பெரிய அடையாளம் பார்த்தும் இப்படி உட்கார்ந்திருக்கிறாயே என்று கேட்கவில்லை. எலியா படுத்துத் தூங்கினார். தூதர் அவரைத் தொட்டு எழுப்பினார். தலைமாட்டில் தணலில் சுட்ட ஓர் அப்பம், ஒரு குவளைத் தண்ணீர். சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் மறுபடியும் தூங்க விட்டார். இரண்டாம் முறை தொட்டு எழுப்பி, நீ போக வேண்டிய தூரம் அதிகம், எழுந்து சாப்பிடு என்றார். அந்தச் சாப்பாட்டுத் தெம்பில் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போனார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கடவுள் அவரிடம் கேள்வி கேட்கிறார், இங்கே என்ன செய்கிறாய் என்று. எலியா மனத்தில் கிடந்த புகாரையெல்லாம் கொட்டுகிறார். கடவுள் இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறார். கடைசியில் வேலை கொடுக்கிறார், நீ மட்டும் தனியாக இல்லை, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்கிறார், எலிசாவைத் துணைக்குக் கொடுக்கிறார்.

தூக்கம், ஆகாரம், தண்ணீர், தொடுதல், நடை, மனம்விட்டுப் பேச ஓர் இடம், செய்ய ஒரு வேலை, கூட நடக்க ஓர் ஆள். ஒரு மனநல மருத்துவர் இன்று எழுதித் தரும் சீட்டில் இதைவிடச் சிறப்பாக எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியிருக்க, நம்முடைய செபக்கூட்டங்களில் நடப்பது என்ன? ஒரு பெண் அழுதுகொண்டே வந்து, "எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரமாட்டேங்குது, மதினி" என்கிறாள். "உனக்கு விசுவாசம் பத்தல. இன்னும் ரெண்டு நாள் உபவாசம் இருந்து முழு ராத்திரி செபம் பண்ணு" என்று பதில் வருகிறது. ஏற்கனவே தூங்காதவளைத் தூங்காதே என்கிறோம். ஏற்கனவே சோறு இறங்காதவளைச் சாப்பிடாதே என்கிறோம். இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல, நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் இரண்டு சுமையோடு வீட்டுக்குப் போகிறாள். வந்தபோது கலக்கம் மட்டும்தான் இருந்தது. போகும்போது, கடவுளே தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணமும் சேர்ந்துவிடுகிறது. நான் எத்தனையோ வியாதிகளைப் பார்த்திருக்கிறேன். மனம் உடைந்தவரிடம் விசுவாசம் இல்லை என்று சொல்வது போல ஆளை வீழ்த்தும் சொல்லை நான் கேட்டதில்லை.

விசுவாசம் உள்ளவருக்கும் இப்படிக் கலக்கம் வரும், பட்டினி அதைத் தீர்க்காது என்பதற்கு நம் திருச்சபையின் வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. இந்த மதுரை நாட்டுக்கு 1606ல் நற்செய்தி சொல்ல வந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி இயேசு சபையைச் சேர்ந்தவர். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அந்தச் சபையே. அந்தச் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் ஒரு போர்வீரர். 1521ல் பாம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு காலில் பட்டு, படுக்கையில் கிடந்தபோது மனம் திரும்பினார். மறுவருடம் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கி, கடுமையான தவம் செய்தார். அந்த நாள்களில் அவரைப் பிடித்தது ஓயாத பாவ சந்தேகம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி முடித்த பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லாவிட்டால் மனம் ஆறாது. மணிக்கணக்கில் செபித்தும் தீரவில்லை. அறையிலிருந்த ஒரு பெரிய குழியில் விழுந்து உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லி எழுத வைத்திருக்கிறார். கடவுள் விடுவிக்கும் வரை சாப்பிடுவதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். அவருடைய ஆன்ம குரு அதைக் கேட்டதும், பட்டினியை நிறுத்திச் சாப்பிடு என்று கட்டளையிட்டார். சாப்பிட்டார். சில நாள்களில் மறுபடி கலக்கம் வந்தது, பிறகு மெல்ல விலகியது.

அந்த அனுபவம் அவரை எப்படி மாற்றியது என்பதுதான் முக்கியம். 1548ல் பிரான்சிஸ் போர்ஜியா என்ற பிரபு, பிற்காலத்தில் அவரும் புனிதர்தான், தவமும் நோன்பும் மிதமிஞ்சிச் செய்து உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தார். இஞ்ஞாசியார் அவருக்குக் கடிதம் எழுதினார். செப நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும், வயிற்றுக்குச் சரியாகச் சாப்பிடவும், உடம்பைப் பேணவும் சொன்னார். உடலும் கடவுள் கொடுத்ததே, அதற்கும் கணக்குக் கேட்பார் என்பது அவர் கருத்து. செபத்தைக் குறைக்கச் சொன்னவர் விசுவாசம் குறைந்தவரா? இந்தத் தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கும் பெரியவர்களும், சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும். திருச்சபையே நோயாளிகளை நோன்பிலிருந்து விலக்கியிருக்கிறது.

இனி நாம் தினமும் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்ல நேரம் போதாது. எனக்கு முக்கியமாகத் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது மூச்சு. கலக்கத்தில் இருப்பவர் மேல்மூச்சாக, வேகமாக வாங்குவார். சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறோம். அதை ஆறு அளவுக்குக் குறைத்து, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால், இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு வேலை செய்யத் தொடங்கும். 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. இத்தாலியில் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்தியும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான 23 பேரை ஜெபமாலையின் மரியே வாழ்க மந்திரத்தை இலத்தீனில் சொல்ல வைத்து அளந்தார்கள். ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியைச் சொல்லும் முறை. மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாக இறங்கியது. பௌத்தர்களின் ஒரு மந்திரத்தைச் சொன்னபோதும் அதேதான் நடந்தது. ஆக, நம் பாட்டிமார் திண்ணையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு சொன்னது ஆன்மாவுக்கு மட்டும் நல்லதாக இருக்கவில்லை, நெஞ்சுக்கும் நல்லதாக இருந்திருக்கிறது.

ஆனால் இப்போது நாம் சொல்லும் வேகம் என்ன? அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, சீரியல் தொடங்கப் போகிறது. அருள் நிறைந்த மரியே தொடங்கும் முன்பே ஆமென் வந்துவிடுகிறது. இன்று இரவு ஜெபமாலையின் ஒரே ஒரு பத்து மணியை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முன்பாதியை ஒரே மூச்சில் சொல்லுங்கள். நிறுத்துங்கள். மூச்சை இழுங்கள். பின்பாதியை இன்னொரு மூச்சில் சொல்லுங்கள். கை ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு நகர்வதை உணருங்கள். பத்து மணி முடியும்போது தோள்பட்டை இறங்கியிருப்பது தெரியும். ஜெபமாலை சொல்லாத சபைகளைச் சேர்ந்த சகோதர சகோதரிகள், இயேசுவே இரங்கும் என்ற சிறு மன்றாட்டை அதே நிதானத்தில் சொல்லலாம். வேறு நம்பிக்கை கொண்ட அண்டை வீட்டாரும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் வழிபாட்டிலும் இதற்கு இடம் உண்டு என்பதைத்தான் அந்த ஆய்வே காட்டுகிறது.

இரண்டாவது தூக்கம். ஷிப்ட் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய போராட்டம். முழு நைட் முடிந்து காலையில் வருகிறவன் தூங்கும் அறையில் வெளிச்சம் வராமல் ஒரு கனத்த போர்வையை ஜன்னலில் கட்டுங்கள். அவன் தூங்கும் நேரத்தில் வீட்டில் டிவி சத்தம் வேண்டாம். தட்டுக் கழுவுகிறவர்கள்கூடக் கொஞ்சம் மெதுவாகக் கழுவலாம். குடும்பமே அவனுக்காகச் செய்யும் செபம் இது. மற்றவர்கள் சாயங்காலம் டீயைக் கவனியுங்கள். டீ, காபியில் இருக்கும் காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆறு மணிக்குக் குடித்த டீயில் பாதி, பதினொரு மணிக்கும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படுக்கையில் கிடந்து போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. மனக்கஷ்டத்துக்குக் குடிக்கிறேன், குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்று பல ஆண்கள் சொல்வார்கள். மது முதல் இரண்டு மூன்று மணி நேரம் அமுக்கிப் போடும். அது இறங்கும்போது நடுராத்திரியில் எழுப்பிவிடும். விடிகாலையில் கை நடுக்கமும் இனம் தெரியாத பயமும் வரும். அந்தப் பயத்துக்கு மறுபடியும் குடிக்க வேண்டியிருக்கும். கலக்கத்தை விலை கொடுத்து வாங்குகிற வழி அது. இரவு தூக்கத்துக்காக மெடிக்கலில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்த மாத்திரைகளில் சில, பழக்கமாகிப் பிடித்துக்கொள்ளும். டாக்டர் சொன்ன அளவும் சொன்ன நாளும் தாண்டக் கூடாது.

நடை. வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் ஆகிவிடும். நமக்குக் கண்மாய்க்கரை இருக்கிறது, வாய்க்கால் வரப்பு இருக்கிறது. பட்டணத்துக்காரர்கள் காசு கொடுத்துத் தேடுகிற காற்று இது. வீட்டு வேலையே போதாதா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். வீட்டு வேலையில் கை கால் அசையும், மனசுக்கு ஓய்வு இருக்காது. நாலு பேராகச் சேர்ந்து விடியற்காலம் ஒரு நடை நடந்து வாருங்கள். பேசிக்கொண்டே நடக்கும்போது, உட்கார்ந்து சொல்ல முடியாத காரியங்கள் வாயில் தானாக வரும். எம்மாவு ஊருக்குப் போன சீடர்கள் இருவரும் தங்கள் துக்கத்தை நடந்துகொண்டுதானே பேசினார்கள்? அந்த நடையில்தான் ஆண்டவர் கூட வந்து சேர்ந்தார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தைத் தாய்மார்கள் விட வேண்டும். முருங்கைக்கீரை இல்லாத வீடு இந்த ஊரில் இல்லை.

இனி செபம். கலங்கிய நேரத்தில் எப்படிச் செபிப்பது என்று பலர் கேட்கிறார்கள். ஸ்தோத்திரம், புகழ்ச்சி என்று தொடங்க வாய் வரவில்லை என்கிறார்கள். வராவிட்டால் பரவாயில்லை. நூற்றைம்பது திருப்பாடல்களில் மிகப் பல புலம்பல்தான். ஏன் என்னைக் கைவிட்டீர், எத்தனை நாள் இது என்று கேட்கிற பாடல்கள். எண்பத்தெட்டாம் திருப்பாடலைப் பாருங்கள். அது கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதலான முடிவு இல்லாத அந்தப் பாட்டையும் செபம் என்றுதான் திருச்சபை வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் கோபத்தையும் பயத்தையும் உள்ளபடியே சொல்லுங்கள். அழுகையும் செபம்தான்.

ஆண்டவர் கெத்சமனியில் என்ன செய்தார்? துயரம் தாங்கவில்லை என்று நண்பர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். இறைமகனே கலக்க நேரத்தில் துணை கேட்டார் என்றால், எனக்கு யாரும் வேண்டாம், நான் ஆண்டவரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்வது விசுவாசம் ஆகாது. ஒரே வார்த்தைகளை மூன்று தடவை சொல்லிச் செபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். புதிதாக எதுவும் சொல்ல வராதபோது சொன்னதையே திரும்பச் சொல்லலாம் என்பதற்கு அதுவே நமக்கு அனுமதி.

இரவில் படுக்கும் முன் ஐந்து நிமிடம் இஞ்ஞாசியார் கற்றுத் தந்த ஆன்ம சோதனையைச் செய்யுங்கள். விடிந்ததிலிருந்து நடந்ததை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது. நன்றி சொல்ல எது இருந்தது, எங்கே மனம் கலங்கியது, யாரிடம் கடுமையாகப் பேசினேன், நாளைக்கு என்ன உதவி வேண்டும். நாளைய கவலைகளை ஒரு தாளில் எழுதி, திருவிவிலியத்துக்குள் வைத்து மூடிவிட்டுப் படுக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள்.

இவ்வளவும் செய்தும் சரியாகவில்லை என்றால்? இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். அவர்களுக்காக ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். இ. ஸ்டான்லி ஜோன்ஸ், அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி. 1907ல் இந்தியாவுக்கு வந்தார். கடும் உழைப்பில் சில ஆண்டுகளில் மனமும் உடலும் தளர்ந்து விழுந்தார். சொந்த நாட்டுக்கு ஓய்வுக்குப் போய்த் திரும்பி வந்தும் மறுபடி விழுந்தார். இனி ஊழியமே முடியாது என்ற நிலையில், லக்னோவில் ஒரு நாள் செபத்தில் இருக்கும்போது பெரும் அமைதி தமக்குக் கிடைத்ததாகவும், அதன் பிறகு நீண்ட காலம் உழைக்க முடிந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். செபத்தால் சுகம் பெற்றவர் அவர். அப்படிப்பட்டவர், எல்லோரும் செபம் மட்டும் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. 1950ல் அதே லக்னோவில் நூர் மன்ஸில் என்ற மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவர்களும் செபமும் ஒரே கூரையின் கீழ். நம் மாநிலத்திலும், ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1957ல் பாகாயத்தில் மனநல மையத்தை ஏற்படுத்தியது. அங்கே நோயாளியைத் தனியாக அடைத்து வைப்பதில்லை. குடும்பத்தார் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். தெய்வம் சுகமாக்கும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள். இதை ஒரு மதத்தின் குற்றமாகப் பார்க்காதீர்கள். மனநோயைக் கண்டு பயந்து, சிகிச்சை கொடுக்காமல் வழிபாட்டுத் தலத்தில் விட்டுவிட்டு வரும் பழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை செய்திருக்கிறது. உயிரை விட முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

பெங்களூரு நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் குறை இருக்கிறது; அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. இந்தக் கூட்டத்தில் நூறு பேர் இருந்தால் பத்துப் பேரைப் பற்றிப் பேசுகிறேன். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சொல்லுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் போய், மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரைப் பார்ப்பது எப்படி, எந்த நாளில் என்று கேளுங்கள். 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி விருதுநகரில் இருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதினால், அது வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள், சுகமானதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர் மாத்திரை போடுகிறவரை யாரும் விசுவாசம் இல்லாதவர் என்று சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான்.

நம் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒவ்வோர் அன்பியத்திலும் கொஞ்ச நாளாகக் கோயிலுக்கும் வராமல், கூட்டத்துக்கும் வராமல், வெளியே தலை காட்டாமல் இருக்கும் ஒரு வீடாவது இருக்கும். எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும். இந்த வாரம் அந்த வீட்டுக்குப் போங்கள். திருவிவிலியம் எடுத்துப் போவதற்கு முன், ஒரு தூக்கில் சோறும் குழம்பும் எடுத்துப் போங்கள். உபதேசம் வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளை ஒரு மத்தியானம் பார்த்துக்கொண்டு அந்தத் தாயைத் தூங்க விடுங்கள். பேச ஆள் இல்லாத நேரத்தில் அழைக்க, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால், போ என்று சொல்லாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நீங்களும் கூட ஏறுங்கள்.